பேய்ப்படத்துக்கு ஒன்பது குறைகள்

படம் பார்த்து நான் ஒரு அபிப்பிராயம் சொன்னால் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். கடைசி விடையை மட்டும் பார்த்து மார்க் போடுகிற ஆள் நான் இல்லை. வரி வரியாகப் பார்ப்பேன். எந்த வரியில் பிள்ளை வழுக்கியது என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அப்படிப்பட்டவளால் சொந்த மகள் எடுத்த பேய்ப்படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? முடியவில்லை.

மகளுக்கு அப்போது பதினாறு வயது. புனேயில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் குழுவில் அவளும் இன்னும் ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து முக்கால் மணி நேரப் படம் ஒன்று எடுத்தார்கள். கதையும் டைரக்‌ஷனும் அவள். ஹாஸ்டலில் படிக்கிற ஒரு பெண் விளையாட்டாக ஆவியைக் கூப்பிடுகிறாள், அது அவளோடு வீட்டுக்கே வந்துவிடுகிறது, கடைசியில் வேத வசனத்தைக் கேட்டு ஓடிப்போகிறது. இவ்வளவுதான் கதை. கேமரா என்பது ஒரு போன். பேயின் முகத்துக்கு டால்கம் பவுடர், கண்ணைச் சுற்றி மை. ரத்தத்துக்கு ரோஸ் சர்பத். பேச்சு முழுக்க ஹிந்தி, நடுவில் கொஞ்சம் இங்கிலீஷ், ஜெபம் மட்டும் தமிழ். பாதியைக் கோந்த்வாவில் எங்கள் ஃப்ளாட்டிலும் மீதியைக் கடக்வாஸ்லா அணைப் பக்கத்திலும் எடுத்தார்கள். அங்கே பேய் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறது. பின்னால் சோளக்கதிர் சுட்டு விற்கிறவரின் கலர்க் குடை தெரிகிறது. அட ஆண்டவரே, அதைக்கூட யாரும் வெட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை ஹாலில் படத்தைப் போட்டார்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நிகழ்ச்சி முடிந்தாலும் ஐயர் மைக்கைப் பிடித்து, சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்பார். ஐயர் என்றால் எங்கள் பாதிரியார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் எந்த ஊருக்குக் குடிபோனாலும் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். முன்னால் வருகிறவர் ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்க வேண்டும். பாட்டில் சுருதி விலகினாலும் ஸ்தோத்திரம், பிரியாணியில் உப்பு இல்லாவிட்டாலும் ஸ்தோத்திரம். அன்றைக்கும் வரிசையாக வந்து, ஆண்டவர் நம் பிள்ளைகளைப் பயன்படுத்துகிறார் என்றார்கள். ஒரு அம்மா பயத்தில் கண்ணீரே வந்துவிட்டது என்றார். படம் ஓடும்போது அவர் வாயைப் பிளந்து தூங்கியதை நான் பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மா, சச் போல், உண்மையச் சொல்லு. எப்படி இருந்துச்சு?”

“சூப்பர்ட்டி.”

“எந்த சீன் பிடிச்சுச்சு?”

“எல்லாந்தான்.”

“எல்லாமா?” என்று மட்டும் கேட்டாள். என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பூரித்துப்போயிருந்த பிள்ளையின் மனதை நோகடிக்க வேண்டாம் என்று நினைத்தேன். தாயாக நல்ல காரியம்தான் செய்தோம் என்று நம்பினேன்.

படத்தை இணையத்திலும் ஏற்றினார்கள். கீழே பார்வையாளர்கள் எழுதிய கருத்துகளை அவள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தாள். ஆமென், ஆமென் என்று பத்துப் பேர். கைகூப்புகிற பொம்மை போட்டவர்கள் இன்னும் நிறைய. யாரோ ஒருவர் மராத்தியில், “பூத் குட்டே ஆஹே?” என்று எழுதியிருந்தார். பேய் எங்கேப்பா என்று அர்த்தம். அதற்கு மட்டும் நான் சமையலறைக்குள் போய் நின்று சிரித்தேன்.

எனக்கு மட்டும் மூன்று நாளாக உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. திருத்தாத பேப்பர் ஒன்று பையில் கிடப்பதுபோல இருந்தது. கடைசியில், ஒரு பார்வையாளர் என்ற பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, படத்துக்குக் கீழே தமிழில் எழுதிவிட்டேன்.

தமிழில் எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர்த் தமிழர்களுக்குத் தமிழ் ஒரு பெரிய சௌகரியம். காய் விற்கிறவர் முன்னால் நின்றுகொண்டே, வெண்டைக்காய் முத்தல், வாங்காதே என்போம். லிஃப்டில் நிற்கிறவரின் சென்ட் வாசனையைப் பற்றி அவர் காதுபடப் பேசுவோம். எங்கள் பிள்ளைகளுக்கோ தமிழ் ஏதோ தட்டுத்தடுமாறிப் பேச வரும், ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க அரை மணி ஆகும். ஆகவே எழுத்தில் போட்டால் அதைவிடப் பத்திரம் எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

மொத்தம் ஒன்பது குறை. நம்பர் போட்டு எழுதினேன். பேய் வருவதற்கு முன்பே பயப்படுகிற இசை வந்துவிடுகிறது. தண்ணீரிலிருந்து எழுந்த பேயின் காலில் ரப்பர் செருப்பு, அதுவும் காய்ந்த செருப்பு. தாயின் முகத்தில் துப்பிய பெண் இரண்டே நிமிஷத்தில் திருந்திப் பாட்டுப் பாடுகிறாள், அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் மனதுக்குள் என்ன நடந்தது? மகள் உள்ளே அலறும்போது தாய் கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருக்கிறாள். எந்தத் தாய் அப்படி நிற்பாள், கதவை உடைக்க மாட்டாளா? இப்படியே போயிற்று. எழுதி முடித்ததும் அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் பசித்தது.

மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மகள் போனோடு வந்து மேஜையில் உட்கார்ந்தாள்.

“தமிழ்ல ஒருத்தர் ரொம்ப லம்பாவா, நீளமா எழுதிருக்காரு. படிக்க வைக்கிறேன், இருங்க,” என்றாள்.

படிக்க வைப்பதா? ஒரு பட்டனை அழுத்தினாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி, நான் எழுதியதை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. என் கையில் சப்பாத்திக் கட்டை நின்றுவிட்டது. முதல் குறை, இரண்டாம் குறை, மூன்றாம் குறை. மகள் ஆர்வமாக முன்னால் சாய்ந்து கேட்டாள், தலையைக்கூட ஆட்டினாள். யாரோ ஒரு அங்கிள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தப்பித்தோம் என்றுதான் நானும் நினைத்தேன். ஏழாவது குறை வந்தது.

“பேயின் அறையில் தொங்குவது சென்ற கிறிஸ்துமஸுக்கு வாங்கிய புதுத் திரைச்சீலை. அதில் சர்பத்தைக் கொட்டியவர்கள் துவைத்தாவது தந்திருக்கலாம்,” என்றது போன்.

மகள் பட்டனை அழுத்தி நிறுத்தினாள்.

“இது நம்ம வீட்டு பர்தா,” என்றாள். “கிறிஸ்துமஸுக்கு வாங்கினது வெளிய யாருக்குத் தெரியும்?”

“மாட்டிக்கிட்டியா,” என்றார் வீட்டுக்காரர், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திட்டுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. அவள் கத்தவில்லை.

“ஒன்பதும் கரெக்ட்டும்மா. அதுக்குக் கோவம் இல்ல. ஸ்கூட்டர்ல நான் கேட்டப்போ எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னே. அப்புறம் யாரோ மாதிரி வந்து எழுதுறே. இனிமே நீ நல்லா இருக்குன்னு சொன்னா நான் எப்படி நம்புறது?”

“ஏட்டி, நல்லதும் இருந்துச்சு. அந்தச் சாப்பாட்டு ஜெபம் வருதுல்லா, எல்லாரும் கண்ண மூடியிருக்கும்போது பேய் பிடிச்சவ மட்டும் முழிச்சிட்டு இருப்பாளே, அதப் பாத்து எனக்கு முதுகே சில்லுனு ஆயிட்டு. சத்தியமா சொல்லுதேன்.”

“ரெஹ்னே தே, விடும்மா. ஒன்பது தப்பு எழுத டைம் இருந்துச்சு, இத எழுத டைம் இல்லையா?”

சரியாகப் போட்ட வரிக்குப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதுவதில்லை. ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த தப்பைத் தேடிப் போகிறவள். இத்தனை வருஷம் அதைத்தான் செய்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு இன்னொரு படம் எடுத்துத் தரும்படி ஐயர் பிள்ளைகளைக் கேட்டிருந்தார். மகள் கதைகூட எழுதத் தொடங்கியிருந்தாள். அன்றைக்கு ராத்திரி அந்த நோட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஐயரிடம் முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள். “எனக்கு வருதா வரலையான்னே தெரியல. யாரு நிஜம் சொல்றா?” என்றாள். பெற்ற வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது. என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றார் ஐயர். நான் எழுந்து முன்னால் போய் மைக்கை வாங்கினேன். வகுப்பில் நிற்கிற மாதிரியே நின்றேன். பின்வரிசையில் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம பிள்ளைங்க எடுத்த படத்தப் பத்தி நெட்ல தமிழ்ல ஒன்பது குறை எழுதுன ஆளு நான்தான்,” என்று ஆரம்பித்தேன். ஒன்பதையும் சொன்னேன். செருப்பைச் சொன்னேன், குடையைச் சொன்னேன், கதவை உடைக்காத தாயைச் சொன்னேன். ஹாலில் குசுகுசுவென்று சத்தம் எழுந்தது. ஐயர் தொண்டையைச் செருமினார்.

“அம்மா, இது சாட்சி நேரம்,” என்றார் மெதுவாக.

“சாட்சின்னா கண்டதச் சொல்லுததுதான ஐயா? நான் கண்டதச் சொல்லுதேன்.”

பிறகு அந்தச் சாப்பாட்டு ஜெபத்தைச் சொன்னேன். “இந்தப் படத்துல அந்த ஒரு சீன எடுத்தவளுக்குப் படம் எடுக்க வரும். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல,” என்றேன்.

பின்வரிசையில் மகள் எழுந்து நின்றாள்.

“அந்த சீன்ல அந்தப் பொண்ணோட அப்பா என்ன பண்ணாரு?” என்று கேட்டாள்.

சோதிக்கிறாள் என்று புரிந்தது. ஹாலில் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அந்த அப்பா ஜெபம் பண்ணினார், வேறு என்ன பண்ணினார் என்பதுபோல ஒருவர் கையை விரித்தார்.

“ஜெபத்துக்கு நடுவுல அவரு லேசாக் கண்ணத் திறந்தாரு,” என்றேன். “மக முழிச்சிட்டு இருக்கதப் பாத்தாரு. அவளுக்கு என்னமோ ஆயிட்டுன்னு அந்த நிமிஷமே அவருக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா ஒண்ணுமே பாக்காத மாதிரி மறுபடியும் கண்ண மூடிக்கிட்டாரு. ஜெபம் மட்டும் கொஞ்சம் சத்தமாயிட்டு. நான் பயந்தது அதுக்குத்தான், பேய்க்கு இல்ல.”

மகள் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஸ்கூட்டர்ல நீயும் அதத்தாம்மா பண்ணே,” என்றாள்.

“ஆமா,” என்றேன். மைக் வாயருகேதான் இருந்தது, ஹால் முழுக்கக் கேட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐயர் பக்கம் திரும்பினாள். “ஐயா, கிறிஸ்துமஸ் படம் நான் எடுக்குறேன்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.