கிழக்குப் பார்த்த ட்ரெய்லர்

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு ஹீத்ரோவில் இறங்கினேன். கையில் இருபத்துமூன்று கிலோப் பெட்டி. அதில் பாதி மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும். தலையில் அம்மா ஏற்றிவிட்ட வேலை ஒன்று. சுன்னாகத்தில் ஹாட்வெயர் கடை வைத்திருக்கும் எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் வாய்த்த முதல் வெளிநாட்டுப் பயணம் இது. ஆனால் அரண்மனை பார்க்க நான் வரவில்லை. தங்கை சுபா வாடகை வீட்டை விட்டுவிட்டு, சாமான் ஏற்றும் ட்ரெய்லர் ஒன்றை வீடாக்கி அதிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மா அவளோடு பேசுவதில்லை. இரண்டு மாதமாகிறது.

"சாமான் ஏத்துற பெட்டிக்கை மனிசர் சீவிக்கிறதோ? போய் மறிச்சுப்போட்டு வா, தம்பி" என்று சொல்லித்தான் அம்மா என்னை விமானம் ஏற்றினார்.

சுபாவின் கணவன் ரவி தன் வான் வண்டியோடு வந்திருந்தார். எலெக்ட்ரீசியன், ஆளைவிட அவருடைய வானில் வயர்தான் அதிகம். விமான நிலையத்திலிருந்து மோர்டனுக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் இருக்கும். அதற்கு ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்தது. அந்த நேரத்தில் நான் சைக்கிளில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வந்து தேத்தண்ணியும் குடித்திருப்பேன்.

"மகள் வெளியூரிலை படிக்கப் போட்டாள், அண்ணை. ரெண்டு பேருக்கு மூண்டு அறை, மாசம் ஆயிரத்துத் தொளாயிரம் பவுண் வாடகை" என்றார் ரவி. "சுபாவுக்கு இந்த மாசம் குரோய்டன் ஆஸ்பத்திரியிலை ஷிப்ட், வாற மாசம் கென்ற் பக்கம். ஏஜென்சி நேர்ஸ்தானே. ஷிப்ட் எங்கையோ, வீடும் அங்கை."

"வீடு எண்டால் ஒரு இடத்திலை நிக்க வேணும், ரவி" என்றேன். அம்மா சொல்லித் தந்த வசனம்தான். அவர் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார்.

வெள்ளி காலை பத்தேகாலுக்கு மோர்டன் ரோட்டில் சுபாவோடு டிராம் ஏறினேன். குரோய்டனில் மாறி, நியூ அடிங்டன் என்ற கடைசி நிறுத்தம் வரைக்கும் ஆளுக்கு ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். லண்டன் இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. குரோய்டனில் உயரமான ஒரு அரசாங்கக் கட்டடத்தைக் கடக்கும்போது சுபா யன்னலில் விரலை வைத்துக் காட்டினாள்.

"அகதியா வந்த புதுசிலை இதிலைதான் கியூவிலை நிண்டனான், அண்ணா. மழைக்கை. இருபத்துநாலு வருசத்திலை ஒன்பது வீடு மாறியிட்டன். ஒண்டிலையும் சுவரிலை ஒரு ஆணி அடிக்க விடேல்லை. இந்த ட்ரெய்லர் ஒண்டுதான் என்ரை பேரிலை இருக்கு."

மறிக்க வந்தவன் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். வடை தின்கிறாயா என்று கேட்டேன்.

நிறுத்தத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் கெவின் என்ற ஆங்கிலேயருக்குச் சொந்தமான, வேலியடைத்த வளவு ஒன்று இருக்கிறது. பழைய லொறிகள், இரண்டு படகுகள், சோம்பேறி நாய் ஒன்று. நடுவில் அந்த ட்ரெய்லர். பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம், கீழே உருள நான்கு சில்லு. இரண்டாயிரத்து நானூறு பவுணுக்கு வாங்கியதாம்.

குறை கண்டுபிடிக்கத்தான் உள்ளே ஏறினேன். முப்பது வருடமாகப் பலகையும் ஆணியும் விற்பவனை ஏமாற்ற முடியாது. சுவரில் தட்டிப் பார்த்தேன். பலகைக்குப் பின்னால் குளிர்தாங்கும் அட்டை நெருக்கமாக இருந்தது, வெற்றுச் சத்தம் கேட்கவில்லை. மூலைகளைத் தடவினேன், கையில் ஏற ஒரு சிலாம்பு இல்லை. கூரையில் இரண்டு சோலார் தகடுகள், கட்டிலுக்குக் கீழே பற்றரி, எழுபது லீற்றர் தண்ணீர்த் தாங்கி, கேஸ் அடுப்பு, தண்ணீரே கேளாத கழிவறை. மின்கம்பியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். பலகை வேலை முழுக்கச் சுபா செய்ததாம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, காலையில் வாள் பிடித்திருக்கிறாள்.

"மிக்ஸி ஓடுமோ?" என்று கேட்டேன். அதில் பிடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அவள் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு ஒரு சுழற்று சுழற்றினாள். மிக்ஸி எங்கள் வீட்டு மிக்ஸியைவிடச் சத்தமாக ஓடியது. வெயிலில் அரைத்த சம்பலைப் பாண் துண்டோடு தின்றேன். உறைப்பு சரியாக இருந்தது. அதிலும் குறை சொல்ல வழியில்லை.

கடைசியில் ஒரு குறை அகப்பட்டது. சாப்பாட்டு மேசையை இறக்கினால் இரண்டாவது படுக்கை. படுத்துப் பார்த்தேன், பாதம் இரண்டும் வெளியில் தொங்கின. சட்டைப்பையிலிருந்த டேப்பை இழுத்தேன்: ஐந்தடி இரண்டு அங்குலம்.

"அளவு பிழைச்சுப் போச்சே, சுபா! இதிலை ஆர் படுக்கிறது?"

"பிழைக்கேல்லை" என்றாள். "அது உங்களுக்கில்லை." உடனே சட்டி கழுவப் போய்விட்டாள்.

அன்று திரும்பி வந்ததும் அம்மாவை அழைத்தேன். நல்ல பலகை, நல்ல வேலை, இரண்டாவது படுக்கைகூட இருக்கிறது என்றேன். பேச்சை வளர்க்க வேண்டுமே என்று, ஞாயிற்றுக்கிழமை இங்கே வாடகை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நேரே போய் இருக்கப் போகிறார்கள், வேறு சடங்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

"என்ன? பால் காச்சாமலோ?" அம்மாவின் குரல் எழும்பியது. "பெட்டிக்கை இருக்கிறது ஒரு விசர். பால் காச்சாமல் குடிபோறது ரெண்டாம் விசர். வை போனை!"

அரை மணி நேரத்தில் அவரே திரும்ப எடுத்தார். ஐயரைப் பிடித்து நேரம் கேட்டாயிற்று. ஞாயிறு காலை ஒன்பது இருபதிலிருந்து பத்து ஐம்பது வரை, லண்டன் நேரம். "நான் அவளோடை கதைக்கேல்லை. நீ சொல்லு அவளுக்கு" என்றார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் வளவில் நின்றோம். சுபா பட்டுச்சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டிருந்தாள். வாசலில் நிறைகுடம், புதுப்பானை, இரண்டு போத்தல் பால். வீடியோவில் அம்மாவை அழைத்து எல்லாம் காட்டினேன். பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"அவளைக் கேள், வாசல் எந்தப் பக்கம் பாக்குது?"

மூவரும் சூரியனைப் பார்த்தோம். சூரியன் ட்ரெய்லருக்குப் பின்னால் நின்றது. இங்கிலாந்தில் ட்ரெய்லருக்குக் கதவு இடதுபுறம்தான், நடைபாதைப் பக்கம். மூக்கு வடக்கே பார்த்து நின்றதால் வாசல் தெளிவாக மேற்கே பார்த்தது. வெப்பத்துக்கும் குளிருக்கும் மழைக்கும் கணக்குப் பார்த்துக் கட்டிய இரண்டு பேருக்கும், தட்டித் தட்டிக் குறை தேடிய எனக்கும் இது தோன்றவில்லை.

"மேற்கு, அம்மா" என்றேன். இனி எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அம்மா போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். "சில்லுத்தானே பூட்டியிருக்கு? அப்ப வீட்டைத் திருப்புங்கோவன்!"

ரவி ஓடிப்போய் வானை ட்ரெய்லரோடு கொழுவினார். வளவுக்குள் திருப்ப இடமில்லை. ஒரு மைல் தூரத்தில் உள்ள ரவுண்டபவுட்டுக்குப் போய்ச் சுற்றி வந்து, வேலிப் படலைக்குள் பின்பக்கமாக விட்டால்தான் மூக்கு தெற்கே வரும் என்று கெவின் சொன்னார். என்ன அவசரம் என்று கேட்டார். வீட்டு வாசல் சூரியனைப் பார்க்க வேண்டும் என்று ரவி விளக்கினார். அது நியாயம்தான் என்று தலையை ஆட்டிவிட்டு, நாயை வழியிலிருந்து தூக்கினார்.

வானின் முன் இருக்கையில் மூவரும் நெருங்கி இருந்தோம். நடுவில் சுபா, மடியில் பால் நிறைந்த பானை. நான் போனைப் பக்கக் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். சுன்னாகத்து விறாந்தையில் இருந்தபடி அம்மா, தன் மகளின் வீடு றோட்டில் பின்னால் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது வளைவிலை சரியாதோ?"

"சரியாது, அம்மா."

"அவளைப் பானையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லு."

சுபா சத்தமில்லாமல் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அம்மா அவளைப் பற்றிக் கோபமில்லாமல் பேசிய முதல் சொல் அது. எனக்கும் வாய் காதுவரை போய்விட்டது. ரவுண்டபவுட்டில் ஒரு முறை சுற்றினால் போதும். ரவி சந்தோசத்தில் இரண்டு முறை சுற்றினார்.

பத்து மணி பதினைந்துக்கு வாசல் கிழக்கே பார்த்தது. அடுப்பு வாசலுக்குப் பக்கத்துச் சுவரோரம். சுபா கிழக்கே பார்த்து நின்று பானையை ஏற்றினாள். அம்மா இன்னொன்று சொன்னார். "பால் கிழக்காலை வழிய வேணும், தம்பி. மேற்காலை வழிஞ்சால் எனக்கு மனம் ஆறாது."

ரவி ரசமட்டத்தை ட்ரெய்லர் தரையில் வைத்தார். குமிழி கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி நின்றது. அந்தப் பக்கம் உயரம், மேற்குப் பக்கம் தாழ்வு. பால் நேரே மேற்கால்தான் வழியும். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"கேஸ் சிலிண்டரை ஒருக்கால் பாத்திட்டு வாறன்" என்று சொல்லி, போனை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். வானின் ஜாக்கியை எடுத்து, பலகைத் துண்டொன்றை அடியில் வைத்து, மேற்குப் பக்கத்தை மெல்ல மெல்ல உயர்த்தினேன். சேற்றில் முழங்கால் குத்தி, கோவிலுக்கென்று கொண்டுவந்த வேட்டியோடு, மறிக்க வந்த வீட்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டு நின்ற கெவின் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். இந்தக் கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்தப் பந்தியை விட்டுவிட இருக்கிறேன்.

உள்ளேயிருந்து ரவி கூவினார். "பொங்குது! பொங்குது! கிழக்காலை!"

நான் வாசலுக்கு ஓடிவந்தபோது பால் நுரைத்து, சுவர்ப் பக்கமாக வழிந்து கொண்டிருந்தது. அதே நேரத்தில் சாம்பிராணிப் புகைக்குப் புகையலாரம் கத்தத் தொடங்கியது. நாதஸ்வரமில்லாத குறை தீர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளும் போனில் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பிள்ளை, அடுப்பைக் குறை. கையைச் சுட்டுப்போடாதை."

என்னிடம் சொல்லவில்லை, நேரே சுபாவிடம் சொன்னார். சுபா அகப்பையைப் பிடித்தபடியே அழுதாள். "ஓம் அம்மா, குறைச்சிட்டன்" என்று நாலு தரம் சொன்னாள். எனக்கும் கண் கலங்கியது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். கெவினுக்கு ஒரு கோப்பை பால் கொடுத்தோம். சர்க்கரை அதிகம் என்று சொல்லி இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார்.

மூன்று கிழமை கழித்து நான் புறப்பட்டபோது வீடு கென்ற் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தது. அங்கே வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று நான் கவனிக்கவில்லை. எங்கள் சுன்னாகத்து வீட்டு வாசல் நாற்பது வருடமாகக் கிழக்கேதான் பார்க்கிறது. அதில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம்.

வந்து சேர்ந்த அன்று பெட்டியைத் திறக்குமுன்னே அம்மா கேட்டார். "அதிலை ரெண்டாவது படுக்கை ஒண்டு இருக்கெண்டு சொன்னனியெல்லோ. நான் வந்தால் நீட்டி நிமிந்து படுக்க ஏலுமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டேப்பை எடுத்து அம்மாவைச் சுவரோடு நிற்கச் சொல்லி அளந்தேன். சரியாக ஐந்தடி.

"ரெண்டு அங்குலம் மிச்சமிருக்கு, அம்மா."

"எனக்கு அது காணும்" என்றார் அம்மா. "விசா ஃபோமைக் கொண்டா."