பாலத்தின் நடுவே ஒரு தத்துவ ஆசிரியர்

என் கணவர் பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கிறார். நான் அதே ஊரில் மனநல ஆலோசகர். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் ஒரே சண்டைதான்: மனிதனின் துன்பத்துக்கு மருந்து அவரிடம் இருக்கிறதா, என்னிடமா?

"நீ ஆள அழ வச்சு அனுப்புற. நான் யோசிக்க வச்சு அனுப்புறேன்," என்பார்.

"உங்க கிளாஸ்ல பாதிப் பேரு தூங்குறாங்களாம்," என்பேன். இந்தச் சண்டை இல்லாமல் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது.

போன வருடம் அவருடைய அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். பாலத்தைத் தாண்டி, அக்கரையில் இருக்கும் ஜுருவில் கார் பட்டறை வைத்திருந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் இவரைப் படிக்க வைத்ததே அவர்தான். சாவு வீட்டில் என் கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மரணம் இயற்கைதான், அதில் அஞ்ச எதுவுமில்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னார். அழகாகத்தான் பேசினார். எனக்குத்தான் அது சரியாகப் படவில்லை.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணியைப் பார்க்கக் கிளம்பினோம். பினாங்குப் பாலத்தின் நடுவே அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். கைகள் நடுங்கின. சட்டை முழுக்க வியர்வை.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. என்னால ஓட்ட முடியல. நீ ஓட்டு."

இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார் மருத்துவர். ஆனால் அதன் பிறகு பாலம் என்றாலே அவர் முகம் வெளிறிவிடும். நான் ஓட்டினாலும் வர மாட்டார். அண்ணி வீட்டுக்குப் போவதே நின்றது. வீட்டுக்குள் நடந்தபடி தன்னோடு தானே வாதாடுவார்.

"பாலம் இடியப் போறதில்ல. செத்தாலும் பயப்படக் காரணம் இல்ல. எல்லாம் தெரியுது. அப்புறம் ஏன் கை நடுங்குது?"

"கை உங்க கிளாஸுக்கு வரலையே லா," என்றேன்.

சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

சொந்த வீட்டு ஆளுக்கு வைத்தியம் பார்ப்பது எங்கள் தொழிலில் கூடாது. என்னைப் போலவே ஆலோசகரான ஒரு தோழியிடம் அனுப்பினேன். முதல் சில வாரங்கள் அங்கே போய்ப் பாடம் நடத்திவிட்டுத்தான் வந்தார். "அவங்க கேட்ட கேள்வியே தப்பு. திருத்திக் கொடுத்தேன்," என்று பெருமை வேறு. பாவம் என் தோழி.

ஒரு நாள் கண் சிவந்து வந்தார். அந்த அறையில் நடப்பது எனக்கானதல்ல, நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அண்ணன் எப்படிச் சிரிப்பாருன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். சொல்ல ஆரம்பிச்சேன். முடிக்க முடியல."

அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். தோழி மேல் கொஞ்சம் பொறாமையும் வந்தது, சொல்லத்தான் வேண்டும்.

அதன் பின் மெல்ல மெல்லப் பாலத்துக்குப் பழகினார். முதலில் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு. பிறகு கண்ணைத் திறந்து. கடைசியில் அவரே ஓட்டினார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒரு மாலை காப்பி குடிக்கும்போது அதைச் சொல்லியும் காட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"பயம் போச்சும்மா. அது உங்க ரெண்டு பேரு வேலைதான், ஒத்துக்கிறேன். ஆனா அண்ணன் இல்லாம இனிமே எப்படி வாழுறது? இது வியாதி இல்லையே, சரி பண்றதுக்கு. இது கேள்வி. யோசிச்சுத்தான் ஆகணும்."

பயம் தணிந்த பிறகும் என் ஆலோசனை அறையில் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்த சிலரின் முகங்கள் நினைவுக்கு வந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் வழியனுப்பியவர்கள். அவர்களுக்கு இன்னும் ஏதோ கேட்க இருந்திருக்கிறது.

போன மாதம் அவரே காரை ஓட்ட, ஜுருவுக்குப் போனோம். அண்ணி மீன் கறி வைத்திருந்தார். சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, நீங்க இவ்வளவு படிச்சிருக்கீங்க. அவரு இப்ப எங்கயாச்சும் இருப்பாரா?"

பிசைந்த சோறு கையில் இருக்க, நான் என் கணவரைப் பார்த்தேன்.

"தெரியல அண்ணி. யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்," என்றார். பிறகு, "எனக்கு அண்ணன ரொம்பத் தேடுது," என்றார்.

அண்ணி இன்னொரு துண்டு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அப்புறம் சாப்பிட்டார்கள்.