தொப்பித் துண்டு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வாப்பா துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அவர் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கடையநல்லூர் வீட்டில், தேய்த்த முழுக்கைச் சட்டையை பேண்டுக்குள் செருகிக்கொண்டு, காலையிலேயே போனை எதிரில் வைத்து உட்கார்ந்துவிடுவார். யாரோ ஓர் ஏஜெண்ட் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாராம். அந்த அழைப்பு வரும்வரை நாங்கள் யாரும் உரக்கப் பேசக் கூடாது.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த உம்மா, சாரல் தொடங்கியதும் வளையல்களோடு வெளியே போனாள். வெறுங்கையும் நான்கு மூட்டைத் துண்டுகளுமாகத் திரும்பி வந்தாள். குற்றாலத்தில், பேரருவிக்குப் போகும் வழியில், ஒரு சிப்ஸ் கடையை ஒட்டி சீசன் முடியும்வரை இடமும் பிடித்திருந்தாள். குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு வேண்டும். அவளுடைய யோசனை அவ்வளவு எளிமையானது.

இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் மலைமேல் கொட்டிய மழையில் வெள்ளம் அருவிக்கு முன்னாலிருக்கும் ஆர்ச் வளைவைத் தாண்டி விழுந்தது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி, குளிக்கத் தடை என்று அறிவித்தார்கள். மறுநாளும் தடை. அதற்கு மறுநாளும் தடை.

எனக்கோ அதைவிட இன்பமான நாட்கள் வாய்த்ததில்லை. எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் உம்மாவே சொல்லிவிட்டாள். சாரல், மழையைப் போல விழுவதில்லை; காற்றோடு கலந்து மிதந்துகொண்டிருக்கும். அதற்குள் மரங்களும் வேன்களும் குரங்குகளும் தண்ணீருக்கடியில் நகர்வது போலத் தோன்றும். அருவியின் இரைச்சலில், தள்ளி நிற்கும் மனிதர்களின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். எல்லோரும் கயிறு வரை போய், அருவியை ஆசையாகப் பார்த்துவிட்டு, சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எங்கள் துண்டுகள் ஈரம் ஏறி வாடையடிக்கத் தொடங்கின.

"மூட்டையைக் கட்டிருவோம்" என்றார், போனும் கையுமாகக் கடையின் பின்னால் உட்கார்ந்திருந்த வாப்பா.

உம்மா பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் அம்மா, குளிரில் நடுங்கி அழும் தன் குழந்தையின் தலையைச் சுரிதார் ஷாலால் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைக்கத் துடைக்கத் தலை நனைந்தது. உம்மா அவர்களை நிறுத்தி, ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையை மடித்து ஊசியால் நாலு தையல் போட்டாள். அது தொப்பியாக எழுந்து நின்றது. அதைக் குழந்தையின் தலையில் மாட்டினாள். மீதித் துண்டு முதுகை மூடித் தொங்கியது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டது.

"குளிக்கத்தான கூடாதுன்னாவ" என்றாள் உம்மா, வாப்பாவிடம். "நனையத்தான செய்யுதாவ எல்லாரும்."

மறுநாள் தையல் மிஷினும் எங்களோடு பஸ்ஸில் வந்தது. மதியத்துக்குள் முப்பது நாற்பது துண்டுகளுக்குத் தொப்பி முளைத்துவிட்டது. ஆனால் கொடியில் தொங்கியபோது அவை தலையணை உறைகள் போலத்தான் தெரிந்தன. யாரும் நின்று கேட்கவில்லை. எனக்கு ஒன்றை மாட்டிவிட்டு, "கயிறு வரைக்கும் போய்ட்டுப் போய்ட்டு வா" என்று உம்மா அனுப்பினாள். நான் போனேன். அருவி என்னை நிறுத்திவிட்டது. பாறையிலிருந்து புகையாக எழும்பி வந்த வெண்மையைப் பார்த்தபடி, எதற்காக வந்தேன் என்பதையே மறந்து நின்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. சுற்றிலும் சிரிப்பு கேட்டுத் திரும்பினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாப்பா வந்துகொண்டிருந்தார். அதே முழுக்கைச் சட்டை. தலையில் சிவப்புக் கட்டம் போட்ட தொப்பித் துண்டு. குழந்தைத் தலைக்குத் தைத்த தொப்பி என்பதால் அவருக்குக் காதுவரைகூட இறங்கவில்லை. காலேஜ் பையன்கள் போனில் படம் எடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வழிமறித்து, "என்ன அண்ணாச்சி, துபாய்ல இருந்து இதுக்குத்தான் வந்தியளா?" என்று கேட்டார்.

வாப்பா தொப்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "ஆமா. பிள்ளைக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போங்க. சாரல் தலையில எறங்குனா சளி பிடிச்சிரும்" என்றார். அந்த மனிதரின் சிரிப்பு அடங்கியது. அவர் இரண்டு வாங்கினார்.

அன்று சாயங்காலம் வரை வாப்பா கயிற்றுக்கும் கடைக்குமாக நடந்தார். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். தடை நீங்குவதற்கு முன்பே மூட்டைகள் காலியாயின. அடுத்த சீசனில் எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர் உம்மாவோடு தைத்தார்கள். ஏஜெண்ட் கூப்பிட்டாரா, கூப்பிட்டும் வாப்பா போகவில்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

ஆனால் வாப்பா தொப்பி மாட்டி நடந்த அந்த முதல் நாள், வீடு திரும்பும் பஸ்ஸில் நடந்தது நினைவிருக்கிறது. வாப்பா இவ்வளவு விளையாட்டுக்காரர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "நாளைக்கும் இப்படி வெளாடுவோமா வாப்பா?" என்று கேட்டேன்.

"வெளாடுவோம்ட்டி" என்றார் அவர், என் தலையைத் துவட்டியபடி.

ஜன்னலோரத்தில் இருந்த உம்மா மட்டும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. இவ்வளவு நல்ல நாளில் அவள் எதற்காக வெளியே பார்த்துக்கொண்டு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.