பட்டியலில் இல்லாத கட்டளை

இது உண்மையில் நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரவில் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. எனக்குப் பார்வை கிடையாது. அதனால் நிழல் அசைந்தது, உருவம் தெரிந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. கேட்டதையும் தொட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

என் பெயர் பூபதி. ஊர் கிருஷ்ணகிரி. பார்வையற்றவர்களைக் கணினியில் பழக்குவது என் தொழில். திரையில் இருப்பதை ஒரு குரல் எங்களுக்குப் படித்துச் சொல்லும். அதற்குத் திரை வாசிப்பான் என்று பெயர். மௌஸ் எங்களுக்கு உதவாது. எல்லா வேலையும் விசைகளில்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே விசையைத் திரை வாசிப்பானும் தனக்கென்று வைத்திருக்கும், கடிதம் அடிக்கும் செயலியும் வைத்திருக்கும். இரண்டும் மோதும். அப்போது செயலிக்குள் போய், ஒவ்வொரு வேலைக்கும் வேறு விசையை ஒதுக்கித் தர வேண்டும். அதைச் செய்துகொடுக்கத்தான் ஓசூர் போனேன்.

ரஞ்சிதா என் மாணவி. கல்லாவிக்காரி. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை அவளுக்குத் தேர்வு. சத்யப்ரியா என்ற எச்.ஆர். மேடம் சொல்லச் சொல்ல, யார் உதவியும் இல்லாமல் அடித்துச் சேமித்துக் கொடுக்க வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம்.

“தேறலன்னா மறுபடியும் கல்லாவிதான் சார். எங்கம்மா சீரியல் பாக்கும், நான் பக்கத்துல உக்காந்து அழுகைச் சத்தம் கேக்கணும். அதுக்கு இந்த மிஷின் சத்தமே தேவலை.”

அன்று மிஷின் சத்தம் இல்லை. வார விடுமுறை. வாட்ச்மேன் கங்கப்பன் எங்களை அழைத்துப்போனார். தொரப்பள்ளிக்காரர். பழைய ஷெட்டின் கடைசியில் அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மேஜை. ஒரு கணினி. மேஜையை ஒட்டி ஒரு பக்கம் சுவர்.

மின்விசிறி ஓடியது. ஆனாலும் எனக்கு ஒரு பக்கம் மட்டும் வியர்த்தது. சுவர்ப் பக்கம்.

வேலையைத் தொடங்கினேன். செயலியில் விசைகளை ஒதுக்கும் பகுதிக்குப் போனால் கட்டளைகளின் பட்டியல் வரும். ரஞ்சிதா தமிழ் வழியில் படித்தவள். அதனால் எல்லாம் தமிழில் இருந்தது. அகர வரிசை. கீழம்புக்குறியை அழுத்த அழுத்தக் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லும். நாங்கள் முழுதாகக் கேட்பதில்லை. குரலை மிக வேகமாக வைத்திருப்போம். முதல் எழுத்து காதில் விழுந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவோம்.

பக்க முறிவு. பத்தியை நகர்த்து. பா... பிழை திருத்து.

கடந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். அதில் ‘பா’ வரிசையில் எதுவும் கிடையாது.

மேலே ஒரு படி போனேன்.

“பாகிலு தெகி.”

கன்னடம். கதவைத் திற என்று பொருள்.

ரஞ்சிதா சிரித்தாள். “என்ன சார், செயலி பார்டர் தாண்டி வந்திருச்சா?”

“யாராச்சும் வெளையாடியிருப்பாங்க. எந்த விசைல இருக்குன்னு பாரு.”

எஃப் ஒன்பதில் இருந்தது. நீக்கினேன். குரல், “நீக்கப்பட்டது” என்றது. மறுபடி தேடினேன்.

“பாகிலு தெகி. எஃப் எட்டு.”

நீக்கினேன்.

“பாகிலு தெகி. எஃப் ஏழு.”

விசைப்பலகையில் அது நகர்ந்துகொண்டிருந்தது. என் இடது கை இருந்த பக்கமாக.

கங்கப்பனைக் கூப்பிட்டேன். திரையைப் பார்த்து அந்த வரியைப் படிக்கச் சொன்னேன்.

“எந்த வரிங்க?”

“இப்ப கலர் மாறி நிக்குது பாருங்க, அது.”

“எதுவும் நிக்கலைங்க. ‘பத்தியை நகர்த்து’ன்னு இருக்கு. அடுத்தது ‘பிழை திருத்து’. நடுவுல ஒண்ணுமில்லை.”

திரை வாசிப்பான் திரையில் இருப்பதைத்தான் படிக்கும். இல்லாததைப் படிக்காது. பதினைந்து வருடமாக அதன் குரலைக் கேட்டு வாழ்கிறேன். ஒருநாளும் இல்லாததைப் படித்ததில்லை.

குரலின் வேகத்தைக் குறைத்து, ஒலியைக் கூட்டி மறுபடி படிக்கவிட்டேன்.

“பாகிலு... தெகி.”

கங்கப்பனின் செருப்புச் சத்தம் வேகமாக விலகியது. “நான் கேட்டுல இருக்கேன் சார்” என்ற குரல் தூரத்திலிருந்து வந்தது.

“என்ன சார், காவலுக்கு இருக்கறவரே ஓடறாரு?” என்றாள் ரஞ்சிதா. இந்த முறை சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் பழைய நிலைக்கே திருப்பும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினேன். ஒதுக்கிய விசைகள் எல்லாம் அழிந்தன. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். எல்லாம் சரியாக அமைந்தது. பட்டியலில் அந்த வரி இல்லை. மூச்சு வந்தது.

கடைசியாக ‘சேமி’. கண்ட்ரோலும் எஸ்ஸும்.

“கண்ட்ரோல் எஸ். பாகிலு தெகீரி.”

முன்பு ‘தெகி’. இப்போது ‘தெகீரி’. மரியாதையாகக் கேட்டது. திறங்கள் என்று.

திரை வாசிப்பானில் விசை உதவி என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு எந்த விசையை அழுத்தினாலும், அது என்ன செய்யும் என்று மட்டும் குரல் சொல்லும். வேலை எதுவும் நடக்காது. அதைப் போட்டேன். ‘க’ இருக்கும் விசையை அழுத்தினேன்.

“பாகிலு தெகீரி.”

பக்கத்து விசை.

“பாகிலு தெகீரி.”

இடைவெளி விசை. எண் விசை. அம்புக்குறி.

எல்லாம் அதுவே.

கையை எடுத்துவிட்டேன்.

குரல் நிற்கவில்லை.

“ரஞ்சிதா, கைய எடு.”

“என் கை மடியில இருக்கு சார்.”

பாகிலு தெகீரி... பாகிலு தெகீரி... பாகிலு தெகீரி அண்ணா...

அண்ணா.

கணினியின் ஒயரைப் பிடுங்கினேன். குரல் நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

“சார்...” ரஞ்சிதாவின் குரல் மிகச் சன்னமாக வந்தது. “இந்தச் செவுத்தத் தொட்டுப் பாருங்க.”

தொட்டேன்.

சுட்டது.

சுவர் முழுவதும் இல்லை. விரல்களை நகர்த்தினேன். ஓர் இடத்தில் சூடு சட்டென்று முடிந்தது. அதற்கு அப்பால் சில்லென்று இருந்தது. அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். என் தலைக்கு மேல் ஒரு முழம் வரை நேராகப் போய் மடங்கியது. குறுக்கே போனது. மறுபடி மடங்கிக் கீழே இறங்கியது.

ஒரு கதவின் அளவு.

பூச்சு வழவழவென்று இருந்தது. விரிசல் இல்லை. கீல் இல்லை.

அப்போது...

டக்.

உள்ளேயிருந்து.

டக்... டக்.

என் முழங்காலுக்கும் கீழே. தரையில் கிடப்பவன் தட்டுவதுபோல.

ரஞ்சிதாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். வெளியே வந்தோம்.

கேட்டுக்கு அருகே வந்து நின்றோம். அவள் முதலில் கேட்டது தேர்வைப் பற்றி.

“நாளைக்கு அதே கம்ப்யூட்டர்தான் சார். மேடத்துகிட்டப் போயி என்னன்னு சொல்றது? பேய் இருக்கு, வேற ரூம் குடுங்கன்னா? கண்ணு தெரியாதவங்களுக்கு இது வேறயான்னு அனுப்பிச்சிருவாங்க.”

அவள் சொன்னது சரி. யோசித்துச் சொன்னேன். “மத்த விசையெல்லாம் நாம வெச்ச மாதிரி இருக்கும். அது ஒக்காந்திருக்கறது கண்ட்ரோல் எஸ்ஸுலதான், அத மட்டும் அழுத்தாத. மெனுவுக்குள்ள போயி சேமிச்சுக்கோ.”

“கை கேக்குமா சார்?”

அதுதான் பயம். கணினி நின்றுபோனது திரை பார்ப்பவர்களுக்கு உடனே தெரியும். எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் அடித்தது போய்விடும். அதனால் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் எங்கள் விரல் தானாகச் சேமித்துவிடும். அவளுக்கு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான்.

அன்று ஓசூரிலேயே தங்கினேன்.

திங்கட்கிழமை காலை. கம்பெனி இரைந்துகொண்டிருந்தது. சத்யப்ரியா மேடத்திடம் அனுமதி கேட்டு அந்த அறையின் வாசலில் நின்றேன்.

“வாய் தொறக்கக் கூடாது சார். ஜாடை காட்டக் கூடாது” என்றார் மேடம்.

“காட்டினாலும் அவளுக்குத் தெரியாதுங்க மேடம்.”

மேடம் சிரித்தார். ரஞ்சிதா சிரிக்கவில்லை. இயர்போனை மாட்டும் சத்தம் கேட்டது.

மேடம் படிக்க ஆரம்பித்தார். ரஞ்சிதா அடித்தாள். நல்ல வேகம். ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் அவள் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு அடுத்ததற்குப் போயின.

தாங்குவாள் என்று நினைத்தேன்.

பாதியில் வேகம் குறைந்தது.

“மேடம், இன்னொரு தடவ சொல்லுங்க.”

மேடம் சொன்னார்.

“மேடம்... மறுபடியும்.”

“கவனமா கேளும்மா. இதான் கடைசி.”

விசைச் சத்தம் நின்றது. அறையில் சூடு ஏறுவதை முகத்தில் உணர்ந்தேன். மேடம் ஒரு தாளால் விசிறிக்கொள்ளும் சத்தம்.

பிறகு இரண்டு விசைகள்.

ஒன்று. அதைப் பிடித்தபடியே இன்னொன்று.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

எதுவும் நடக்கவில்லை. என் முகத்தின் மேல் ஒரு சூடான காற்று மட்டும் போனது. வாசலில் நான்தான் நின்றிருந்தேன். அது என்னைக் கடந்து வெளியே போகவில்லை. என்னைத் தொட்டுவிட்டு உள்ளேயே திரும்பியது.

“இப்ப சொல்லுங்க மேடம்” என்றாள் ரஞ்சிதா.

ஒரு பிழைகூட இல்லாமல் முடித்தாள். வேலை நிரந்தரமானது.

மேடம் போன பிறகு சுவரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. எல்லா இடத்திலும்.

“கை தவறிருச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். தெரிஞ்சுதான் அழுத்தினேன். இயர்போன்ல விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. மேடம் சொல்றதே காதுல விழல. இன்னும் ஒரு வரி விட்டிருந்தா வேல போயிருக்கும்.” இயர்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். “அக்கான்னு கூப்பிட்டாரு சார்.”

கேட்டில் கங்கப்பனைப் பிடித்து நிறுத்தினேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

“அந்த எடத்துல ஓவன் இருந்துச்சுங்க. பெயின்ட் அடிச்ச சாமானச் சூடு பண்ணி எடுக்கறது. ரூம் கணக்கா பெருசு. உள்ள கூட்டறதுக்கு ஒரு ஆள் போனான். காண்ட்ராக்ட் ஆளு, கர்நாடகாவுல ஆனேக்கல் பக்கம். தமிழ் வராது. அவன் உள்ள இருக்கறது தெரியாம சாத்தி, ஆன் பண்ணிட்டாங்க.”

“தட்டலியா?”

“தட்டியிருப்பான். பிரஸ் மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. யாருக்குக் கேக்கும்?”

“அந்தச் செவுத்துக்குப் பின்னாடி இப்ப என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லைங்க. ஓவனக் கழட்டி எடுத்து, கதவு இருந்த எடத்த அடைச்சுப் பூசிட்டாங்க. பின்னாடி வெட்டவெளி. வண்டி நிறுத்தறாங்க.”

கிருஷ்ணகிரிக்குத் திரும்பினேன். இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சில வாரம் கழித்து ரஞ்சிதா அழைத்தாள். வேலை நன்றாகப் போகிறது என்றாள். சேமிக்கும் விசை ஒழுங்காகச் சேமிக்கிறது. பட்டியலில் அந்த வரி இல்லை. சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்திருக்கிறாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார்.”

“கேளு.”

“என் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டிருக்காங்க. தினம் காலைல பைய அதுலதான் வெப்பேன். வெக்கறப்ப சூடா இருக்கும். யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி. சரி, நைட் ஷிஃப்ட்டுல யாராச்சும் உக்காருவாங்கன்னு இருந்தேன். இன்னைக்கு மேடத்துகிட்டக் கேட்டேன்...”

“என்ன சொன்னாங்க?”

“வந்து பாத்தாங்க சார். இந்த ரூம்ல என் நாற்காலி ஒண்ணுதான் இருக்காம். பைய ஏன் தரையில வெச்சிருக்கேன்னு கேக்கறாங்க.”