மதினி சொன்ன 'ஆமா'

தொண்ணூற்றொன்பதாம் வருடம், சித்திரை மாதம். பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டர்தான் எனக்கு வெளியுலகம். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த தமிழர்கள் சேர்ந்து நடத்திய ஒரு மின்னஞ்சல் குழுவில் நானும் இருந்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பிக்கொள்வோம்.

அந்தக் குழுவை நடத்தியவர் கனடாவில் இருந்த ஒரு டாக்டர். இசையைக் கேட்டுவிட்டுக் கதையோ கவிதையோ எழுதும் போட்டி ஒன்றை அவர் ஆரம்பித்தார். வாரம் ஒரு தலைப்பு. பரிசெல்லாம் கிடையாது, எழுதுவதுதான் சவால். அந்தத் தலைப்புகளைத் திட்டமிடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிறு வயதிலிருந்தே பாட்டுக் கற்றவள் நான். பாட்டு விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இப்போதும் உண்டு. வாரத்துக்கு ஒரு ராகம் என்று ஒரே மூச்சில் முடிவு செய்துவிட்டேன். முதல் வாரம் மோகனம்.

ஒரு கதைகூட வரவில்லை. வந்ததெல்லாம் சண்டைதான். குழுவில் இருந்த இரண்டு பெரியவர்கள் மோகனத்தில் எந்தப் பாட்டு உசத்தி என்று ஆரம்பித்து, ஒருவர் காதை இன்னொருவர் சந்தேகப்படும் வரை போய்விட்டார்கள். மற்றவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் கல்யாணி. அதற்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

டாக்டர் நல்ல மனிதர். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், அதற்கும் யாரும் எழுதவில்லை என்றால் போட்டியை நிறுத்திவிடலாம் என்று பக்குவமாக எழுதினார். ஆனால் அமெரிக்காவில் இருந்த ஒருவர், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற யாரிடமாவது இதைக் கொடுத்தால் உருப்படும் என்று எல்லோருக்கும் தெரிய எழுதிவிட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அழவில்லை, கோபம்தான் வந்தது. இந்தப் போட்டியை நடத்திக் காட்டாமல் விடுவதில்லை என்று பிரவுசிங் சென்டரின் மரத் தடுப்புக்குள் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன். எப்படி நடத்துவது என்பதுதான் தெரியவில்லை.

அந்த வாரம்தான் மதினியின் பிறந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழா. மணிமுத்தாறு பக்கம் சின்ன ஊர். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவள், வாய் மட்டும் ஊருக்கே மூத்தது. வர மாட்டேன் என்ற என்னை இழுத்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை மதியக் கொடை. பந்தலுக்கு அடியில் வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. நான் தலைப்பு யோசித்தபடி ஒரு தூணில் சாய்ந்திருந்தேன்.

"ஏட்டி, இங்கன கொடை பாக்க வந்தியா, கணக்குப் போட வந்தியா? மூஞ்சியப் பாரு!" என்று மதினி தொடையில் கிள்ளினாள்.

வில்லுப்பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். தலைமைப் பாடகர் கதையில் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் பின்பாட்டுக்காரர் "ஆமா" என்பார். அதன்பிறகுதான் அடுத்த வரி. அன்று பாடியது ஒரு பெண், கணீரென்ற குரல். அண்ணனும் தங்கையும் ஆற்றைக் கடக்கிறார்கள், நடு ஆற்றில் வெள்ளம் வருகிறது. அந்த இடத்தில் நிறுத்தினாள். "ஆமா" வரவில்லை. சாம்பிராணிப் புகை தொண்டையில் ஏறி, பின்பாட்டுக்காரர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். குடம் அடிக்கிறவரும் உடுக்கைக்காரரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அதே வரியை மறுபடி சொன்னாள். அப்போதும் சத்தமில்லை. அவ்வளவு நேரம் பந்தலையே ஆட்டிவைத்த குரல் அப்படியே நின்றுவிட்டது.

"ஆமா!" என்று என் காதுக்குப் பக்கத்தில் ஒரு கத்தல். மதினிதான்.

பெண்கள் கூட்டம் முழுக்கச் சிரித்தது. பாடிக்கொண்டிருந்த அம்மா வில்லடிக்கும் வீசுகோலை எங்கள் பக்கம் நீட்டி, "பாத்தியளா, அங்கன ஒரு மகராசி ஆமாங்கா! இனி எனக்கு என்ன கவலை?" என்று சொல்லி வில்லைத் தட்டினாள் பாருங்கள், கதை வெள்ளத்தைத் தாண்டிப் பறந்தது. அடுத்த வரிக்கு மதினியோடு பத்துப் பெண்கள் சேர்ந்து "ஆமா" போட்டார்கள். அதில் நானும் ஒருத்தி.

அங்கேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. நான் கொடுத்த தலைப்புகளில் மற்றவர்கள் வாய் திறக்க இடமே இல்லை. கச்சேரி மேடையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, கூட்டம் ஏன் பாடவில்லை என்று கோபப்பட்டிருக்கிறேன்.

மறுநாளே பிரவுசிங் சென்டரில் போய் நின்றேன். "லைன் கிடைக்க மாட்டேங்கு டீச்சர், பைய இருங்க" என்றார் கடைக்கார அண்ணாச்சி. பையப் பொறுத்திருக்கும் நிலையிலா இருந்தேன்! லைன் கிடைத்ததும் தலைப்பை அடித்தேன்: 'ஆமா'. வில்லுப்பாட்டு எப்படி நடக்கும் என்று சுருக்கமாகச் சொன்னேன். கதையை நான் தொடங்குவேன், அடுத்து எழுதுகிறவர் 'ஆமா' என்று ஆரம்பித்து இரண்டு வரி சேர்த்து நிறுத்த வேண்டும், படமாகவும் போடலாம் என்றேன். முதல் வரியை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதினேன்: "தாமிரபரணியில தண்ணி ஏறுது. அக்கரையில ஒருத்தி கைய ஆட்டுதா. வாங்காளா, வராதேங்காளா?" வா என்கிறாளா, வராதே என்கிறாளா என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

அமெரிக்காக்காரர் உடனே, இதில் இசை எங்கே இருக்கிறது என்று கேட்டார். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், கேட்கும் என்று பதில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து வெள்ளிக்கிழமைதான் போக முடிந்தது. மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது. அஞ்சல் பெட்டி திறந்தது. முதல் கடிதம், அதுவரை ஒரு வரிகூட எழுதாத ஒரு பெண்ணிடமிருந்து. குவைத்தில் நர்ஸ், தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். "எங்க ஊர்ல வில்லுப்பாட்டு கிடையாது. ஆனா மாதா கோயில்ல மன்றாட்டு மாலை சொன்னா எல்லாரும் சேந்து பதில் சொல்லுவோம். அந்தப் பழக்கத்துல சொல்லுதேன். ஆமா. வராதேன்னுதான் கைய ஆட்டுதா. ஆனா நான் தோணிய எடுத்துட்டேன்."

அந்தத் தோணியில் குழுவே ஏறிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர், ஆமா, தோணியில் ஓட்டை என்றார். மோகனத்துக்குச் சண்டை போட்ட பெரியவர்களில் ஒருவர், ஆமா, தோணிக்காரன் மோகனம் பாடிக்கொண்டு போனான் என்று எழுத, இன்னொருவர், ஆமா, அபஸ்வரமாக என்று எழுதியிருந்தார். நான் சத்தமாகச் சிரித்ததில் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். கடைசியாக வந்தது அமெரிக்காக்காரரின் கடிதம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சாய்வுக் கோடுகளையும் சிறு கோடுகளையும் தட்டித் தட்டி, பாய் விரித்த ஒரு தோணியை வரைந்து அனுப்பியிருந்தார். மேலே ஒரே ஒரு வார்த்தை: ஆமா.

கதை சித்திரை தாண்டியும் ஓடியது. மீதி வருடத்துக்கும் தலைப்புகளை நானே கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கேட்டார். கொடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு ஓடிவந்து மதினியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தோசையைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள். "அப்ப வெளிநாட்டுக்காரவுகளுக்கெல்லாம் நான்தான் பின்பாட்டுன்னு சொல்லு" என்றாள். ஆமா என்றேன்.

பிறகு பள்ளியிலும் வெளியிலும் எத்தனையோ நிகழ்ச்சிகளைத் தைரியமாகப் பொறுப்பேற்று நடத்தியிருக்கிறேன். எதைத் தொடங்கினாலும், எதிரே இருப்பவர் 'ஆமா' சொல்ல ஓரிடம் விட்டிருக்கிறேனா என்று இன்றைக்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன், விட்டிருந்தால் பயமில்லாமல் முதல் வரியைச் சொல்லிவிடுகிறேன்.