தேன்காரருக்குத் தேன் போட்ட தேத்தண்ணி

போன மாதம் எங்கள் அன்புவழிபுரம் வீட்டில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியால் பெரிய குழப்பம். குழப்பம் எனக்குத்தான்... மற்ற எல்லோரும் தெளிவாக இருக்கிறார்கள் போல.

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவருக்குக் கண்ணில் புரை. ஒப்பரேஷனுக்கு இரண்டு தரம் போய், இரண்டு தரமும் 'சுகர் கூடிப்போச்சு, குறைஞ்ச பிறகு வாங்கோ' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இதில் தனிக் கவலை. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை எழுதச் சொல்லி, பிழை திருத்தி, பத்திரிகைக்கு அனுப்பி வைக்கிறவர் இவர்தான். இப்போது எழுத்தெல்லாம் புகைக்குள் நிற்கிறதாம். நானே எழுதி, நானே வாசித்துக் காட்டுகிறேன். பிழையை யார் பார்ப்பது?

சீனியை விட்டு எத்தனையோ காலம். பிறகும் ஏன் சுகர் இறங்கவில்லை?

விடியவே சுடுதண்ணியில் தேன். ரொட்டிக்குத் தேன். தயிருக்கும் தேன். கேட்டால்...

"விசர்க்கதை கதைக்காதை. சீனி ஆலையில செய்யிறது. தேன் பூவில இருந்து வாறது. மருந்து!"

போனில் யாரோ சொன்னதாம். கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை, "தேனும் வேண்டாம் ஐயா" என்றதற்கு, "அது சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்?" என்றுவிட்டார். யார் சொல்வது சரி? நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறவள், இவரோடு வாதாடுவேனா?

அப்போதுதான் கிண்ணியாவில் இருந்து, நாங்கள் 'தேன் நானா' என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் வந்தார். பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறவர். எங்களுக்கு வழக்கமாகத் தேன் கொண்டுவருகிறவர். தேன்காரருக்குப் போய்ச் சீனி போட்டுக் கொடுப்பது மரியாதையா? அவருடைய தேனிலேயே தாராளமாக ஊற்றிக் கலக்கிக் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு மிடறு. கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, தேனா போட்டீங்க? எனக்கு ஏலாது. சீனி வருத்தம், சுகர்."

இவர் கதிரையில் நிமிர்ந்தார். "என்ன நானா, உங்கட தேனையே நீங்கள் தொடுறதில்லையோ?"

"இருமல் வந்தா ஒரு சொட்டு நக்குவன். அதுக்கு மேல போனா எனக்குச் சுகர் ஏறும் ஐயா. தேனீக்கு அது சோறு. நமக்கு இனிப்பு இனிப்புத்தான்."

"பூவில இருந்துதானே வருது?"

"பூ இருந்தா வரும். மாரியில பூ இல்லாட்டி நான் பெட்டிக்குள்ள சீனிப்பாணி வைக்கிறனான், அதுகள் பட்டினியில சாகாம இருக்க. அந்த நேரம் தேன் எடுக்க மாட்டன்."

"அப்ப எனக்கு ஏன் தேன் வித்தனீங்கள்?"

"உங்களுக்குச் சுகர் எண்டு நீங்க சொல்லவே இல்லையே! அக்காவுக்கு விடாத இருமல் எண்டுதானே ஒவ்வொரு தரமும் வாங்கினீங்க?"

எனக்கு இருமலா? எப்போது?

சீனியை விட்டவர் தேன் குடிக்கிறார். தேன் எடுக்கிறவர் தேனை விட்டுவிட்டார். தேனீயோ சீனி குடிக்கிறது! எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் தேன் மருந்தா, இனிப்பா? இரண்டும்தானா? படித்த நேர்ஸ் பிள்ளை சொல்லி நிற்காத தேன், விற்கிறவர் சொல்லி நின்றதே... அது அதைவிடக் குழப்பம்.

அன்றைக்கே இவர் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டின திறப்பை நான் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இந்தக் கிழமை இரத்தம் சோதித்தார்கள். சுகர் இறங்கியிருக்கிறது. ஒப்பரேஷனுக்குத் திகதியும் தந்துவிட்டார்கள்.

நேற்று இந்தப் பத்தியை இவருக்கு வாசித்துக் காட்டினேன். இருமல் கதையை மட்டும் மெல்லத் தாண்டிப் போய்விட்டேன். கண் தெரிந்ததும் விட்டுப்போன பத்திரிகையெல்லாம் ஒன்றும் விடாமல் வாசிக்கப் போகிறாராம். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

நல்லவேளை... அலுமாரியில் தேன் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு பத்திரிகைக்கும் இடமிருக்கிறது. திறப்பும் இன்னும் என்னிடம்தான்!