சாம்பார் சிப்ஸும் பேச்சியம்மாளின் விரதமும்

பேச்சியம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பாசிர் கூடாங் சிப்ஸ் கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி. அந்தக் கோபம்தான் அவளுக்குப் பதவி உயர்வும் வாங்கிக் கொடுத்தது. பாலோ தோட்டத்தில் பிறந்து, சபாபதியைக் கட்டிக்கொண்டு மாசாய்க்கு வந்து, பாக்கெட் கட்டும் வரிசையில் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவள். ஒருநாள் புதிதாக வந்த, ரெண்டாங் என்னும் இறைச்சிப் பிரட்டல் ருசி சிப்ஸை ஒரு கடி கடித்துவிட்டு, "இதுவா ரெண்டாங்? சட்டி கழுவுன தண்ணிலா இது!" என்று கத்தினாள். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று அதையே மலாயிலும் ஒருமுறை சொன்னாள். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் முதலாளி மேடம் லிம். வேறு யாராவதாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மேடம் லிம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவளை ருசி பார்க்கும் அறைக்கு மாற்றிவிட்டார்.

அங்கே ஒரு கிண்ணத்தில் அசல் சாப்பாடு இருக்கும், பக்கத்துத் தட்டில் சிப்ஸ். அசலில் ஒரு வாய், பிறகு வெறும் பிஸ்கட், தண்ணீர், அப்புறம் சிப்ஸில் ஒரு வாய். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். லக்சா நூடுல்ஸ் பார்த்தாள், மிளகாய் நண்டு பார்த்தாள். டுரியான் சிப்ஸ் வந்த அன்று மட்டும், "பழத்தக் குடுங்க, சிப்ஸ நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டாள்.

இந்தத் தைப்பூசத்துக்கு அவள் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். மகள் ஷர்மினி தம்போயில் குடியிருக்கிறாள். விடிவதற்கு முன்னே பஸ் பிடித்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். இரண்டு முறை வயிற்றில் தங்கித் தங்கிக் கலைந்து, மூன்றாவது தடவையாக இப்போது எட்டாம் மாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், பால்குடம் எடுக்கிறேன் முருகா என்று பேச்சியம்மாள் கவிச்சியைத் தொடாமல் விரதம் இருந்தாள். வீட்டில் அவளுக்குச் சட்டி தனி, கரண்டி தனி. சபாபதி கருவாடு வேண்டும் என்றால் கடையில் போய்த் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வாசல்படி ஏற வேண்டும்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி சாம்பார் சிப்ஸ் போட்டது. தைப்பூசத்தன்று கோயில் வாசலில் பந்தல் போட்டு பாக்கெட் பாக்கெட்டாக இலவசமாகக் கொடுப்பது என்று திட்டம். பொறுப்பு ருசிப் பிரிவு மேனேஜர் கமலநாதனுக்கு. அவர் வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறவர், அப்போதும் கழுத்தில் மாலை போட்டிருந்தார்.

"சார், நான் விரதத்துல இருக்கேன். நண்டு, கோழிலாம் என்கூட ருசி பாக்குற சாந்தினி பாத்துக்கட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"சாம்பார மட்டும் பாருங்கக்கா. சுத்த சைவம்லா. நானும் மாலதானே போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மாலை போட்ட மனிதர் சொன்ன பிறகு வேறு என்ன கேட்பது? அசல் சாம்பாரைக்கூட அவளே விரதச் சட்டியில் வைத்து எடுத்து வந்தாள். முதலில் வந்த சிப்ஸ் வாயில் நிற்கவில்லை. "தண்ணியா ஓடுது சார், ருசி உக்காரல" என்றாள். அடுத்த வாரம் வந்தது நன்றாகவே இருந்தது. "இப்பதான் சாம்பாரு. நாக்குல நல்லா உக்காருது" என்று வாய்விட்டுப் பாராட்டினாள். அப்புறம் தினம் தினம் அதைத்தான் தின்று பார்த்தாள்.

கடைசிச் சோதனைக்கு மேடம் லிம்மே வருவதாக இருந்தது. அன்று காலை அவள் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஹலால் பொறுப்பாளர் சர்புதீன் வந்தான்.

"சாம்பாரு ரெடியா பேச்சிக்கா? அந்தக் கோழித்தூளோட ஹலால் பேப்பருக்குத்தான் நாயா அலைஞ்சேன். நேத்துத்தான் வந்துச்சு."

"எந்தக் கோழித்தூளு?"

"சாம்பார் மசாலாவுல போடுறதுதான். ருசி உக்காரலன்னு ரெண்டாவது தடவ சேத்தாங்களே. நண்டு சிப்ஸ்லகூட நண்டு கெடையாதுக்கா, எல்லாம் வெறும் வாசன. சாம்பார்லதான் கோழி."

கையிலிருந்த கிண்ணம் தொட்டிக்குள் விழுந்தது. அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த விரதக் கயிற்றை அப்போதுதான் சர்புதீன் கவனித்தான்.

"அலமாக்! நீங்க விரதமாக்கா? சாப்டீங்களா? மேனேஜருக்குத் தெரியுமேக்கா, பேப்பர்ல கையெழுத்தே அவருதானே போட்டாரு!"

பேச்சியம்மாள் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். நாக்கில் உட்கார்ந்தது என்று பாராட்டினாளே, அது கோழி. ஷர்மினி வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தாள். அப்புறம் கோபம் வந்தது. அவள் வாழ்நாளில் அதுவரை பட்டதெல்லாம் கோபமே இல்லை. கமலநாதன் தட்டை ஏந்தி வருவார், பக்கத்தில் நிற்பார், மார்க் போடுவார். "நான் சாப்ட்டா உங்க மார்க்கு மாறிடும்கா" என்று சிரிப்பார். ஒருநாளாவது ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாரா? பாவி, ஒரே ஒரு துண்டு?

மேடம் லிம்மும் விற்பனை ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள். கமலநாதன் தட்டை நீட்டினார். பேச்சியம்மாள் அதை வாங்கி, ஒரு சிப்ஸை எடுத்து, அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இன்னிக்கு நீங்க சாப்பிடுங்க சார்."

"என்னக்கா இது, மேடம் முன்னால..."

"சுத்த சைவம்னு சொன்னீங்களே. சாப்பிடுங்க."

கமலநாதன் முகத்தைத் திருப்பினார். சிப்ஸும் கூடவே திரும்பியது. அவர் கை தானாகக் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டது. ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாய் என்று மேடம் லிம் மலாயில் கேட்டார். மறுபடியும் கேட்டார். கடைசியில் தரையைப் பார்த்தபடி, "அயாம்... கோழி இருக்கு மேடம், நான் விரதம்" என்றார்.

"அப்ப நான் யாருய்யா?" பேச்சியம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை வேலை நின்றுபோனது. "உன் விரதம் விரதம், எங்க விரதம் என்ன வெளையாட்டா? என் பொண்ணு வவுத்துப் புள்ளைக்காக இருந்த விரதம்யா! கோயில் வாசல்ல கொண்டுபோய் அத்தன சனத்துக்கும் குடுக்கப் பாத்தியே, நீ நல்லா இருப்பியா?"

"துளி தூள்தான்கா... நேரம் இல்ல... யாருக்கும் தெரியாதுன்னு..."

"ஒனக்குத் தெரியுமில்ல!"

சாம்பார் சிப்ஸ் அன்றோடு நின்றது. நண்டு சிப்ஸில்தான் நண்டே இல்லையே, அதைக் கோயிலில் கொடுத்தால் என்ன என்று மேடம் லிம் நல்ல மனதோடுதான் கேட்டார். பேச்சியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். கமலநாதனுக்கு ஒரு கடிதம் கொடுத்துக் கண்டித்தார்கள். வேலை போகவில்லை.

"தெரியாமத்தானம்மா சாப்ட்ட, சாமி கோச்சுக்காது" என்றாள் ஷர்மினி போனில். பேச்சியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு, பங்குனி உத்திரத்தைக் கணக்கு வைத்து விரதத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிள்ளை அதற்கு முன்னாலேயே பிறந்துவிடும். அந்தப் பயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

தைப்பூசத்தன்று பால்குடம் இல்லாத வெறுங்கையோடு, பாதையோரம் தண்ணீர்ச் செம்புடன் நின்றாள். நடந்து வருகிறவர்களின் காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெயிலில் தார்ச்சாலை கொதித்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே கமலநாதன் காவடியோடு வந்தார். ஒரு துளி கவிச்சி படாத விரதம். இவள் வாயில் கோழியைப் போட்டுப் போட்டுத் தனக்கு மட்டும் காப்பாற்றிக்கொண்ட விரதம். சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி அவள் முன்னால் நின்றார். அவளை அடையாளம் தெரிந்தது. தண்ணீருக்காகப் பார்த்தார்.

பேச்சியம்மாள் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் நகரும்வரை அப்படியே நின்றாள். பின்னால் ஒரு பெண் பால்குடத்தோடு தள்ளாடி வந்தாள். அவள் காலில் முழுச் செம்பையும் ஊற்றி, "நீ போ கண்ணு" என்றாள்.